திரை கறுத்தால், கோடு விழுந்தால்: கிராபிக்ஸ் கார்டைச் சோதிப்பது எப்படி

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் செருகுங்கள். படம் வந்தால் சந்தேகம் கார்டின் மீதுதான். (இன்டெலில் ‘எஃப்’ என முடியும் பிராசசர்களில் உள் கிராபிக்ஸ் இல்லை, இச்சோதனை உதவாது.)

காவிரி டெல்டாவில் அடுத்துப் பார்க்க வேண்டியது, மதர்போர்டில் செருகும் கார்டின் உலோக முனைகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரமும் நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றும் அவற்றில் படலம் படியவைக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்தபின், ‘கிளிக்’ எனும்வரை அழுத்திச் செருகுங்கள். தை அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசி ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளை) அடைத்துவிடும். தூசியை ஊதி அகற்றும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்.

கேம் தொடங்கியதும் கணினி அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) சந்தேகியுங்கள். கார்டுக்கு மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 6 பின் இணைப்பு 75, 8 பின் 150. மலிவான மாற்று இணைப்பிகளை நம்பவே வேண்டாம், சூடாகி உருகக்கூடும்.

கோடுகள் விண்டோஸில் மட்டும் வந்தால், சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் இயங்கும் நிலையில்) கார்டின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, நீக்கிப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே வந்தால், கேபிளும் மானிட்டரும் சரியாக இருக்கும்பட்சத்தில், பழுது பெரும்பாலும் கார்டின் மெமரியிலோ சிப்பிலோதான். அடுப்பில் வைத்துச் சூடாக்கும் வைத்தியம் வேண்டாம். வாரண்டி இருக்கிறதா பாருங்கள்.