வேலை மாறினாலும் இன்சூரன்ஸ் தொடர: கம்பெனி எப்போது புதுப்பிக்க மறுக்கலாம்?

அமெரிக்காவில் வேலையோடு வரும் ஹெல்த் இன்சூரன்ஸ், வேலை போனால் கூடவே போய்விடும். 20 பேருக்குக் குறையாத நிறுவனம் என்றால் பெரும்பாலும் கோப்ரா (COBRA) என்ற சட்டத்தின் மூலம் அதே இன்சூரன்ஸை 18 மாதம் வரை தொடரலாம். முழு பிரீமியமும் அதன்மேல் 2 சதவீதமும் நம் தலையில்தான் விழும். சில குரூப் பாலிசிகளைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அப்படி மாற்றியவர்களின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு சுகர் இருக்கிறது, போன வருஷம் ஸ்டென்ட் வேறு வைத்தார்கள். இனி புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால்?"

அந்தக் காரணத்துக்காகச் சொல்ல முடியாது. 1996-ல் வந்த ஹிப்பா சட்டப்படி, நோய் வந்தது, க்ளெய்ம் அதிகம் என்பதற்காகத் தனிநபர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விடக்கூடாது. ஆனால் விண்ணப்பத்தில் வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் மறுக்கலாம். கம்பெனி அந்த பாலிசி வகையையே எல்லோருக்கும் நிறுத்தினாலும் முடிந்துவிடும். அதற்கு 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அவர்களிடம் உள்ள வேறு பாலிசியை வாங்கவும் வழிவிட வேண்டும். மாநிலத்தின் தனிநபர் சந்தையை விட்டே வெளியேறினால் 180 நாள்.

நம் ஆட்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது பிரீமியத்தில்தான். ஆட்டோ-பே போட்டிருப்போம், வங்கி புது கார்டு அனுப்பியிருக்கும், பழைய எண்ணிலேயே பணம் எடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கும். எச்சரிக்கைக் கடிதமோ பழைய அபார்ட்மென்ட் தபால்பெட்டியில் கிடக்கும். இப்படிப் பணம் கட்டாமல் பாலிசி போனால் பெரிய இழப்பு: வேலை போனவருக்கு, அரசின் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வருஷத்தின் நடுவிலும் சேரக் கிடைக்கும் 60 நாள் சிறப்புச் சேர்க்கை இதற்குக் கிடையாது. வேறு தகுதி இல்லையென்றால், நவம்பர் 1-ல் தொடங்கும் பொதுச் சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கார்டு மாறிய அன்றே இன்சூரன்ஸ் கணக்கிலும் மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

வீடு மாறும்போதும் கவனம். நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸ் போனால் பழைய பாலிசியின் சேவைப் பகுதியை விட்டு வெளியேறியிருக்கலாம். அதுவும் மறுக்கச் செல்லுபடியாகும் காரணம். பழையது நிற்பதற்கு முன்பே புதியதைத் தேடுங்கள்.

அப்புறம், குறுகிய கால பாலிசிகளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. விலை குறைவு என்று அவற்றுக்கு மாறாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது மேலே சொன்னவற்றில் அடங்கவில்லையா, உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுங்கள்.