கடற்கரை மணலில் நுண்பிளாஸ்டிக் பிரித்தெடுப்பது எப்படி?

நுண்பிளாஸ்டிக் என்பது 5 மி.மீ.-க்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு. கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கடைசியாக அலை ஏறிய கோட்டைத் தேடுங்கள். பாசி, கிளிஞ்சல், சவுக்கு ஊசி, வலைநூல் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் வரி அது. அதன்மேல் 50 செ.மீ. சதுர மரச்சட்டத்தை வைத்து, மேலாக உள்ள 5 செ.மீ. மணலை எவர்சில்வர் கரண்டியால் வாருங்கள். 12.5 லிட்டர் வரும், அதாவது ஏறத்தாழ 20 கிலோ. அவ்வளவையும் சுமக்க வேண்டியதில்லை. தாம்பாளத்தில் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாகக் குறையும்வரை இதையே திரும்பச் செய்து, எவர்சில்வர் டப்பாவில் மூடி எடுத்து வாருங்கள். குறைந்தது மூன்று இடங்களில் எடுக்க வேண்டும்.

மணலை 60 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்துங்கள். அதற்குமேல் சூடேற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் சுருண்டுவிடக்கூடும். பிறகு 5 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கும் பிளாஸ்டிக்கைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பிளாஸ்டிக்கை மிதக்கவைக்கும் உப்புக் கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு 360 கிராம் உப்பு. 100 மி.லி. கரைசல் ஏறக்குறைய 120 கிராம் நின்றால் சரி. மரக்காணம் கல்லுப்பு மலிவுதான், ஆனால் சேறும் நாரும் கலந்திருக்கும். ஆய்வக உப்பானாலும் கரைசலைக் கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டாமல் தொடவே கூடாது. மணலில் கண்டதாக எழுதும் நார் உப்பிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

200 கிராம் மணலுக்கு 600 மி.லி. கரைசல் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறி, அலுமினியத் தாளால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். உப்பனாற்றுச் சேறானால் இரவு முழுக்கத் தெளிய வேண்டும். மேல்நீரை 0.3 மி.மீ. எஃகுச் சல்லடையில் வடித்து, மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். பாலிதீன், பாலிபுரொப்பிலீன், நைலான் வலைத்துண்டு எல்லாம் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட், பிவிசி இரண்டும் அடியில் தங்கிவிடும். அவை வேண்டுமென்றால் துத்தநாகக் குளோரைடு தேவை. அது தோலை அரிக்கும், மீனுக்கு நஞ்சு. சிங்க்கில் கொட்டாமல் வடிகட்டி மறுபடி பயன்படுத்துங்கள்.

சல்லடையில் தங்கியதைக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றி, அதிலுள்ள தாவரக் கழிவை அகற்ற 0.05 மோலார் இரும்பு சல்பேட் கரைசல் 20 மி.லி., 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி. சேருங்கள். ஐந்து நிமிடம் விட்டு, புகைப்போக்கிக் கூண்டுக்குள் 75 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குமிழி எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். விட்டால் பொங்கி, பிரித்தெடுத்ததெல்லாம் வெளியே போய்விடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மணல் இல்லாமல் வெறும் கரைசலை இதே படிகளில் கொண்டுபோவதுதான் பிளாங்க், அதாவது வெளியிலிருந்து கலந்த நாரைக் காட்டும் ஒப்பீடு. நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஈர வடிதாள் ஒன்றையும் திறந்து வையுங்கள்; காற்றில் வரும் நார் அதில் படியும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பருத்திச் சட்டை போட்டால் உங்கள் நார் எதுவென்று பார்த்ததும் தெரியும். மே மாதத்தில் ஃபேனை அணைக்கச் சொன்னால் கோபம் வரும்தான், ஆனாலும் அணையுங்கள்.

நுண்ணோக்கியில் அதிகம் ஏமாற்றுவது சவுக்கு ஊசி. பச்சை நைலான் நூலைப் போலவே இருக்கும். இடுக்கியால் இழுத்தால் கணுவில் கழன்று வரும், நைலான் வராது. பழுக்கக் காய்ச்சிய ஊசி பட்டால் சவுக்கு கருகும், நைலான் உருகும். எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதிப்படுத்த அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். அலையெண் (செ.மீ.⁻¹) 2915, 2848 இரண்டிலும் கூர்மையான உச்சி இருந்து, 1376-இல் குறிப்பிடத்தக்க உச்சி இல்லையென்றால் பாலிதீன்.