டென்னஸியின் ஸ்மோக்கி மலைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

டென்னஸி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் அமெரிக்க மாநிலம். மேற்கே மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் மெம்பிஸ், நடுவில் நாஷ்வில், கிழக்கு ஓரத்தில் கிரேட் ஸ்மோக்கி மலைகள். நாஷ்வில்லில் இசை கேட்டுவிட்டு மறுநாள் மலைக்குப் போகத் திட்டமிடுபவர்கள் முதலில் கோட்டைவிடுவது நேரத்தில்தான். மலையடிவார ஊரான கேட்லின்பர்க் சுமார் 350 கி.மீ. தொலைவு, காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வழியில் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் பறிபோகும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே பகல் 1 மணி. அன்றைக்கே மலையைப் பார்த்துவிட நினைக்காதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள்.

இந்த மலைகள் அடங்கிய தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் எல்லாமே இலவசம் என்று நம்பி அபராதம் கட்டுபவர்கள் உண்டு. 2023 மார்ச் முதல், வண்டியை 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் பார்க்கிங் சீட்டு கட்டாயம்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. போனில் இருக்கும் படம் செல்லாது. அச்சிட்ட சீட்டு வண்டியில் தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு சீட்டு ஒரு வண்டிக்கு மட்டுமே. கேட்லின்பர்க்கை ஒட்டிய சுகர்லேண்ட்ஸ் தகவல் மையத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பூங்காவுக்குள் இருக்கும் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கைச் சுற்றும் 18 கி.மீ. ஒருவழிப் பாதையை அரை மணியில் முடிக்க முடியாது. ஒரு கரடி தென்பட்டால் போதும், முன்னால் போகும் கார்கள் நடுச்சாலையிலேயே நின்றுவிடும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஒதுக்கி, விடிந்ததும் போய்விடுங்கள். விலங்குகளும் அப்போதுதான் வெளியே வரும். மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் அங்கே கார்களுக்கு அனுமதி இல்லை. கரடிக்கு 45 மீட்டருக்குள் வேண்டுமென்றே நெருங்குவது சட்டப்படி குற்றம்.

கிளிங்மன்ஸ் டோம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும் சிகரத்துக்கு, 2024 செப்டம்பரில் அங்குள்ள பூர்வகுடிகளான செரோகி மக்கள் வைத்த குவோஹி என்ற பெயர் மீண்டும் வந்தது. உயரம் 2,025 மீட்டர். அடிவாரத்து வெயிலை நம்பி அரைக்கைச் சட்டையோடு ஏறுபவர்கள் மேலே நடுங்குகிறார்கள். கோடையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து உச்சியிலுள்ள பார்வைக் கோபுரம் வரை 800 மீட்டர்தான், ஆனால் செங்குத்து. முதியவர்கள் நிதானமாக ஏறட்டும். மூடுபனி சூழ்ந்திருந்தால் கோபுரத்திலிருந்து வெண்மை தவிர ஒன்றும் தெரியாது. அன்றைய வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சிகரத்துக்குப் போகும் சாலை மூடப்பட்டிருக்கும்.

பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இராது. டேங்கை நிரப்பி, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.