கன்சர்வேஷன் ஏரியாவில் கடையின் முன்கண்ணாடியையும் கதவையும் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தில் கடை நடத்தும் நம்மவர்கள் நிறையப் பேர். மளிகை, ஆஃப் லைசென்ஸ், நகைக்கடை, டேக் அவே என்று ஹை ஸ்ட்ரீட்டில் எதை நடத்தினாலும் ஒருநாள் இந்த வேலை வந்தே தீரும். கதவு இழுத்தால் வராது, கண்ணாடிக்குக் கீழே மரம் உளுத்திருக்கும், குளிர்காலத்தில் கல்லாவில் உட்கார முடியாது. உடனே கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதைப் பிடுங்கி ஸ்கிப்பில் போட்டுவிட்டு அலுமினியத்தை மாட்டிவிடுகிறார்கள். சாதாரணத் தெருவிலேயே இதற்கு அனுமதி தேவைப்படும். கன்சர்வேஷன் ஏரியாவில் (பழைய தோற்றத்துக்காகக் காக்கப்படும் பகுதியில்) என்றால், போட்டதைக் கழற்றிவிட்டு மரத்திலேயே திரும்பச் செய்து வை என்று கவுன்சிலின் அமலாக்கப் பிரிவு நோட்டீஸ் அனுப்ப முடியும். அப்போது செலவு இரண்டு மடங்கு. பிடுங்கிப் போட்ட பழைய மரமும் திரும்பக் கிடைக்காது, எனக்கு அதிக வருத்தம் தருவது அதுதான்.

நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் தனி.

கன்சர்வேஷன் ஏரியா என்பது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊர், இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 10,000 இருக்கின்றன. ஒரு தனிக் கட்டடத்தை அல்ல, ஒரு தெருவின், ஒரு பகுதியின் மொத்தத் தோற்றத்தைக் காப்பதுதான் அதன் நோக்கம். அதனால் "என் கடை ஒன்றும் அரண்மனை இல்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. உங்கள் கடை அதற்குள் வருகிறதா என்பதைக் கவுன்சில் இணையதளத்திலுள்ள வரைபடத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காமல் ஆர்டர் கொடுப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் தவறு.

அடுத்தது, வீட்டுக்கான விதியைக் கடைக்குப் போட்டுப் பார்ப்பது. வீட்டு ஜன்னலை அனுமதி இல்லாமலே மாற்றினேன், ஒருவரும் கேட்கவில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஏனென்றால் தனி வீடுகளுக்கு அந்தச் சலுகையைச் சட்டமே கொடுத்திருக்கிறது (சில தெருக்களில் கவுன்சில் அதையும் பறித்து வைத்திருக்கும்). கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. கடை முகப்பின் வெளித்தோற்றம் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறினால் பிளானிங் பர்மிஷன் வேண்டும், அவ்வளவுதான். மரத்துக்குப் பதில் அலுமினியம், இரண்டு கண்ணாடிக்குப் பதில் ஒரே பெரிய கண்ணாடி, உள்வாங்கிய கதவை முன்னால் கொண்டு வருவது எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். பலர் கவனிக்காத இன்னொன்று, கடைக்கு மேலே இருக்கும் ஃப்ளாட். அது குடியிருப்புதான், ஆனாலும் பிளானிங் சட்டத்தில் தனி வீட்டுக்குரிய சலுகை ஃப்ளாட்டுக்கு இல்லை. கீழே அனுமதி வாங்கி ஒழுங்காகச் செய்துவிட்டு, மேலே பழைய மேல்கீழ் தள்ளும் ஜன்னல்களை எடுத்து யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டு அதே கவுன்சிலிடம் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபென்சா சான்றிதழும் இதே குழப்பம்தான். ஜன்னலும் கதவும் கட்டட விதிப்படி மாட்டப்பட்டன என்று மாட்டுபவர் தரும் சான்றிதழ் அது. அது வீடுகளுக்கானது, கடை முகப்புக்குச் செல்லாது. கடைக்கு நீங்கள் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலிடமோ பதிவு பெற்ற தனியார் பில்டிங் கன்ட்ரோல் நிறுவனத்திடமோதான் போக வேண்டும். பிளானிங் (வெளித்தோற்ற மாற்றத்துக்கான அனுமதி) வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடத்தின் பாதுகாப்பு, தர விதிகள்) வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது.

பழுது பார்ப்பதற்கும், இருந்ததைப் போலவே அதே மரத்தில் அதே அளவில் அதே வடிவில் செய்து மாற்றுவதற்கும் பொதுவாக பர்மிஷன் தேவையில்லை. ஆனால் "அதே மாதிரி" என்பதை யார் சொல்கிறார் என்று பாருங்கள். விற்கிறவருக்கு வெள்ளை நிறமாக இருந்தாலே அதே மாதிரிதான். கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரி கண்ணாடிச் சட்டத்தின் தடிமன், ஓரத்து வார்ப்பு (மரத்தின் விளிம்பில் இழைத்த வடிவம்), கண்ணாடி எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சட்டப்படி அனுமதி தேவையில்லை என்று உறுதி செய்யும் சான்றிதழுக்குக் கவுன்சிலிடமே விண்ணப்பிக்கலாம். போனில் யாரோ சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

கட்டடம் லிஸ்டட் (வரலாற்று, கட்டடக்கலை மதிப்புக்காக அரசுப் பட்டியலில் சேர்த்தது) என்றால் கதையே வேறு. அங்கே பழுது பார்ப்பதுகூட கட்டடத்தின் தன்மையைத் தொட்டால் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் கை வைப்பது குற்றம், அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, பெரிய வழக்கென்றால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. நீங்கள் கடை வாங்கும் முன் பழைய முதலாளி செய்த வேலையாக இருந்தாலும் அதைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய முதலாளிக்குத்தான் வரும், அதற்குக் காலக்கெடுவும் இல்லை. கடை வாங்கும்போது வக்கீல் இதைக் கேட்டாரா என்று நீங்கள் அவரைக் கேளுங்கள்.

"எதிர்க்கடைக்காரர் போட்டிருக்கிறாரே" என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். எதிர்க்கடைக்காரர் அந்த இடம் கன்சர்வேஷன் ஏரியாவாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே போட்டிருக்கலாம், அனுமதியில்லாமல் போட்டு கவுன்சில் நடவடிக்கை எடுப்பதற்கான கெடு தாண்டியிருக்கலாம், அவருக்கும் நோட்டீஸ் வந்து நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கெடு முன்பு நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் பத்து ஆண்டுகள். நான்கு வருடம் சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்று இன்னமும் அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். எனக்குப் பெரியதாகத் தெரியும் தவறு, கடை முகப்பைத் தனித்தனிச் சாமானாகப் பார்ப்பது. கதவு ஒன்று, கண்ணாடி ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் ஆர்டர் போடுகிறார்கள். பழைய ஆங்கிலக் கடை முகப்பு அப்படிச் செய்யப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் அரைத்தூண்கள், அவற்றின் தலையில் செதுக்கிய தாங்கிகள், நடுவே பெயர்ப்பலகை, அதன் மேல் மழைநீரை வெளியே தள்ளும் விளிம்பு, கீழே கண்ணாடியைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் ஸ்டால்ரைசர் என்ற குட்டையான அடிப்பகுதி. ஒரு தச்சர் ஒரே கணக்கில் போட்ட வேலை அது. ஒன்றை மாற்றினால் மற்றதன் அளவும் கெட்டுவிடும். கண்ணாடி தரை வரைக்கும் வந்தால் பொருள் நன்றாகத் தெரியும் என்று ஸ்டால்ரைசரை உடைக்கிறார்கள். நடைபாதைத் தண்ணீர், ட்ராலி, செருப்புக்கால் இத்தனையையும் வாங்கிக்கொண்டிருந்தது அதுதான். சில கடைகளில் நிலவறைக்குக் காற்றுப் போகும் கம்பி வலையும் அதில்தான் இருக்கும், அதை அடைத்துவிட்டுப் பிறகு கீழே ஈரம் ஏறுகிறது என்று புலம்புவதில் பயனில்லை.

உள்வாங்கிய வாசலும் அப்படித்தான். அந்த இடம் வீண் என்று நினைத்துக் கதவை நடைபாதை விளிம்புக்குக் கொண்டு வந்தால் கொஞ்சம் தரை கிடைக்கும், உண்மை. ஆனால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி கதவு பொது நடைபாதைக்கு மேல் வெளிப்புறமாகத் திறக்கக் கூடாது. தீ விபத்தில் நிறையப் பேர் வெளியேற வேண்டிய இடமென்றால் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்வது அந்த உள்வாங்கிய வாசல்தான். இரண்டு பக்கமும் கூடுதல் கண்ணாடி கிடைப்பதால் பொருள் காட்டவும் இடம் அதிகம். தரையில் மொசைக்கோ பழைய ஓடோ இருந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசாதீர்கள், தயவுசெய்து.

வேறொரு பக்கம், "பழைய மாதிரி" செய்கிறேன் என்று தப்புக் காலத்தைக் கொண்டு வருபவர்கள். சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடி, நடுவில் கண் போல வட்டம் தெரியும் கண்ணாடி, பித்தளை விளக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத்தட்டாகச் செய்தார்கள். பெரிய தகடு கிடைப்பது கடினம், அதனால்தான் சின்னச் சதுரங்கள். அந்தக் கண் போன்ற வட்டம் தட்டின் நடுவில் அதைச் சுழற்றிய இரும்புக் கம்பி ஒட்டியிருந்த தடம், மலிவான துண்டு. 1845இல் கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கினார்கள், பெரிய தகடுகள் மலிவாகின, விக்டோரியா காலக் கடைகள் மெல்லிய மரக்கட்டைகளுக்கு நடுவே உயரமான பெரிய கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டன. 1930களில் குரோமும் வண்ணக் கண்ணாடிப் பலகையும் வந்தன. உங்கள் கட்டடம் 1890இல் கட்டியதென்றால் அதற்கு 1780இன் ஜன்னல் பொருந்தாது, அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதேபோல 1930களின் முகப்பு நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி விக்டோரியா பாணியில் செய்வதும் நஷ்டம்தான், அதுவும் ஒரு காலத்தின் நல்ல வேலை.

ஆகவே வரைபடம் போடும் முன் கடையையே பாருங்கள். இன்றைய பெரிய பிளாஸ்டிக் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பழைய மரப்பலகை, சில நேரம் பழைய எழுத்தோடு, அப்படியே இருக்கும். ஒரு மூலையைக் கவனமாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் 2000க்கு முந்தைய பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், எனவே முதலில் பரிசோதனை, அப்புறம்தான் துளை போடுவதும் சுரண்டுவதும். ஊர் ஆவணக் காப்பகத்தில் உங்கள் தெருவின் பழைய புகைப்படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நல்ல படம் கிடைத்தால் விண்ணப்பம் பாதி முடிந்த மாதிரி.

மரம் உளுத்துவிட்டது என்று முழுவதையும் தள்ளுவதும் அவசரம். உளுப்பு பெரும்பாலும் கீழ்ப் படியிலும் தூணின் அடியிலும்தான் இருக்கும். பழைய மரம் மெதுவாக வளர்ந்து இறுகியது, கெட்டதை வெட்டி எடுத்துப் புது மரத்தை ஒட்டுப் போட்டால் இன்னும் பல ஆண்டு நிற்கும். யுபிவிசி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், இந்த வேலை தெரிந்த தச்சர் சொல்வார். டபுள் கிளேசிங் வேண்டுமென்றால் மெல்லிய வகை இருக்கிறது. ஆனால் கனமான கண்ணாடிக்காகச் சட்டத்தைத் தடிப்பாக்கினால் முகப்பின் முகமே மாறிவிடும். குளிருக்குக் கதவின் ஓரங்களில் காற்றடைப்புப் பட்டை போடுவது முதலில் செய்ய வேண்டியது, செலவும் குறைவு.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் மட்டும் பழமை என்று விட்டுக்கொடுக்க முடியாது. புதுக் கண்ணாடி போட்டால், கதவிலும் கதவின் இரு பக்கம் 300 மில்லிமீட்டருக்குள்ளும் தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் உயரம் வரையும், மற்ற இடங்களில் 800 மில்லிமீட்டர் வரையும், உடைந்தாலும் ஆளைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) போட்டால் இதுவும் ஆச்சு, திருடனும் சுலபமாக உள்ளே வர முடியாது. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் வாசல் போதுமா என்பதையும் இப்போதே பாருங்கள். பழைய கட்டடத்தில் கதவைப் புதிதாகப் போட்டால் திறப்பு அகலம் 775 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். பழைய இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அது கிடைக்காமல் போகலாம்.

அந்த லேமினேட்டட் கண்ணாடி ஷட்டர் பிரச்சினைக்கும் உதவும். தகரம் போல மூடும் வெளி ரோலர் ஷட்டரை கன்சர்வேஷன் ஏரியாவில் பெரும்பாலான கவுன்சில்கள் நிராகரிக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் தெருவே கிடங்கு மாதிரி ஆகிவிடுகிறது, ஷட்டர் பெட்டி வேறு பெயர்ப்பலகைக்கு வெளியே புடைத்து நிற்கிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் இழுத்துவிடும் கம்பிக் கிரில் போட்டால் அனுமதி கிடைப்பது எளிது, இரவில் கடைக்குள் விளக்கும் தெரியும். ஒருமுறை உடைபட்ட கடைக்காரருக்கு இது போதாது என்று தோன்றும், அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கண்ணாடி, கிரில், அலாரம் மூன்றையும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் காட்டச் சொல்கிறேன். ஒளிரும் பெயர்ப்பலகைக்கு விளம்பர அனுமதி தனியாக வேண்டும், அதையும் அதோடு போட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தில் ஆட்கள் சறுக்கும் இடம் வரைபடம். கண்ணாடிக் கம்பெனியின் விலைப்பட்டியலில் வரும் படத்தை இணைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதுள்ள முகப்பு, வரப்போகும் முகப்பு, கண்ணாடிச் சட்டங்களின் வெட்டுத்தோற்றம் பெரிய அளவில், அப்புறம் ஏன் இந்த மாற்றம், எது பழையது, எது காக்கப்படுகிறது என்று ஒரு குறிப்பு. முடிவுக்கு எட்டு வாரம் என்பது விதி, இழுக்கவும் செய்யும். லீஸில் இருந்தால் லேண்ட்லார்டின் எழுத்து மூல ஒப்புதல் இதோடு சேராத தனி வேலை. அது இல்லாமல் மாற்றினால் லீஸ் முடியும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி பில் வரும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் அதே நாளில் ஆட்களைக் கூப்பிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் நிபந்தனைகள் இருக்கும், பெயின்ட் நிறம், வார்ப்பு மாதிரி போன்றவற்றை வேலை தொடங்கும் முன் கவுன்சிலிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று. அதை முடிக்காமல் தொடங்கினால் கையில் அனுமதி இருந்தும் மீறலாகிவிடும். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு வார்ப்பின் வடிவத்தையும் தச்சர் அட்டையில் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும், கழற்றிய துண்டுகளில் எண் எழுதி நிலவறையில் அடுக்கச் சொல்லுங்கள். ஸ்கிப் வருவது கவுன்சில் அதிகாரி வேலையை வந்து பார்த்த பிறகு இருக்கட்டும்.