மாடியில் ரோஸ்மேரி: வெயிலை விட ஈரம்தான் ஆபத்து

ரோஸ்மேரி ஊட்டிச் செடி, சமவெளியில் வராது என்று நர்சரியிலேயே சொல்லி அனுப்புவார்கள். நீலகிரியில் நன்றாக வளர்வது உண்மைதான், ஆனால் இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம், கோடையில் மழையே இல்லாமல் காயும் கல்லும் மணலுமான சரிவுகள். அதனால் நம் ஊரில் இது சாவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, வேர் அழுகித்தான். துளசி, புதினா குடும்பத்துச் செடி என்பதால் அவற்றுக்கு ஊற்றுவது போலவே இதற்கும் தினமும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறோம், அங்கேதான் பிரச்சினை.

செடி வாங்கியதும் 4, 5 நாள் வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டு மண்ணைப் பாருங்கள். கருப்புக் கவரில் களிமண்ணோ வெறும் கோகோபீட்டோ (தேங்காய் நார்த்தூள்) இருந்தால் அதிலேயே விடாதீர்கள், இரண்டுமே ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும். செம்மண் 1 பங்கு, பருமணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்குக்கும் குறைவாக, இந்தக் கலவை போதும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதானால் தூசி போக அலசிவிட்டுப் போடுங்கள், அந்தத் தூசி ஈரமானால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மண் தொட்டிதான் என் தேர்வு, 10 அங்குலம் இருந்தால் சரி, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். அடியில் தட்டு வேண்டாம், இரண்டு செங்கல் துண்டின் மேல் தூக்கி வையுங்கள்.

அப்புறம் தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வழியும்வரை நிறைய ஊற்றுங்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட இதுதான் நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு: ரோஸ்மேரி இலை ஊசி போல மெல்லியது, தடித்த தோல், ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், அதனால் மற்ற செடிகள் போல வாடிக் காட்டாது. வேர் போன பிறகும் சில நாள் பச்சையாகவே நிற்கும். நுனிக் கொழுந்து தலைசாய்வதும், அடியிலிருந்து இலை பழுப்பாகி உதிர்வதும்தான் முதல் அறிகுறி. அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால், பதறிப்போய் மேலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்!

வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள், மாடித் தளத்தின் சூடு தொட்டியை வேகவைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொட்டியைத் தூக்கி மழை படாத, ஆனால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இதைச் செய்தே ஆக வேண்டும். காற்று இல்லாமல் நெருக்கி வைத்தால் இலையில் வெள்ளைப் பொடி போலச் சாம்பல் நோய் வரும். மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் அடியுங்கள்.

உரம் அதிகம் கேட்காது, 2 மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். முடிக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் இதைத் தேடி வாங்குகிறார்கள், வாங்கிய வாரமே பாதிச் செடியைப் பறித்துக் கொதிக்க வைத்துவிடுகிறார்கள். பாவம் அது, முதலில் வேர் பிடிக்கட்டும். புதுத்துளிர் நன்றாக வந்த பிறகு பச்சைத் தண்டாகப் பார்த்து வெட்டுங்கள், ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இலையே இல்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

விதை வாங்காதீர்கள், முளைப்பது மெதுவாக, அதுவும் குறைவாக. ஜனவரி, பிப்ரவரியில் பூக்காத இளந்தண்டில் 4, 5 அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் வந்துவிடும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும், அப்போது தொட்டிக்கு மாற்றலாம். நாலைந்து தண்டாகவே நடுங்கள், எல்லாமே பிடிக்காது.