நாஜிப் படுகொலைகளை எழுதும்போது நேரும் தவறுகள்

'ஜெர்மனியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்' என்ற வாக்கியம் தமிழ்க் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. எண் சரி, இடம் தவறு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்தான், அதாவது மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போலந்து யூதர்கள். ஆஷ்விட்ஸ், ட்ரெப்ளிங்கா, சோபிபோர் ஆகிய கொலை முகாம்கள் ஜெர்மானியர் ஆக்கிரமித்த போலந்தில் இருந்தன. அதற்காக அவற்றைப் 'போலந்து முகாம்கள்' என்று எழுதுவது, குற்றத்தை ஆக்கிரமிக்கப்பட்டவர் தலையில் கட்டுவதாகும்.

எல்லா முகாம்களும் ஒன்றல்ல. 1933 மார்ச்சில் திறக்கப்பட்ட டாஹாவ், முதலில் கம்யூனிஸ்டுகளையும் பிற அரசியல் எதிரிகளையும் அடைத்துவைத்த இடம். ட்ரெப்ளிங்காவோ கொல்வதற்கென்றே கட்டப்பட்டது; ரயிலில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்துக்குள் இறந்தனர். கையில் எண் பச்சை குத்தும் வழக்கம் ஆஷ்விட்ஸுக்கே உரியது, அங்கும் நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண் தரப்படவில்லை. நச்சுவாயு மட்டுமே ஆயுதம் என்பதும் பிழை: 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கொலையாளிகளே கணக்கு எழுதி அனுப்பினார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது 'யூதர்களும் பிறரும்' என்ற சொற்சேர்க்கை. அந்தப் 'பிறரில்' இருந்த மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும்தான் நச்சுவாயு அறைகளில் முதலில் கொல்லப்பட்டவர்கள். 1940 தொடங்கி 1941 ஆகஸ்ட் வரை ஆறு மையங்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். பொய்யான நோயின் பெயரைச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் போனது. குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று வந்த கடிதத்தைப் படித்த குடும்பத்தினருக்கு, அவருடைய குடல்வாலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறுவை செய்து எடுத்துவிட்டது நினைவிருந்தது. அந்த மையங்களில் ஒன்று இருந்த ஹடாமர் ஊரில் நோயாளிகளை ஏற்றிவரும் பேருந்து எதற்கு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. இந்த மையங்களில் தொழில் பழகியவர்களில் பலர் பின்னர் ட்ரெப்ளிங்காவையும் சோபிபோரையும் நடத்தினார்கள்.

ஐரோப்பாவில் வாழும் ரோமா, சின்டி மக்களை 'நாடோடிகள்' என்று மொழிபெயர்ப்பது இன்னொரு தவறு. நிலையான வீடும் தொழிலும் உடையவர்கள், முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் போரிட்டவர்கள்கூட ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பேசும் ரோமானி, இந்திய-ஆரிய மொழி! அவர்களைக் கொன்றது இனப்படுகொலை என்பதை மேற்கு ஜெர்மனி 1982-இல்தான் ஒப்புக்கொண்டது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் துன்பம் 1945-உடன் முடிந்ததாக எழுதுவதும் சரியல்ல; ஆண்களிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய, நாஜிகள் மேலும் கடுமையாக்கிய 175-ஆம் சட்டப்பிரிவு மேற்கு ஜெர்மனியில் 1969 வரை அப்படியே நீடித்தது.

'ஆரியர்' என்ற சொல்லை நம் ஊர் அரசியல் பொருளில் படித்துவிடவும் கூடாது. நாஜிச் சட்டத்தில் அது முதன்மையாக 'யூதர் அல்லாதவர்' என்பதைக் குறித்தது. 1935-ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்களின்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் ஒருவர் யூதர். அவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் விலக்கு இல்லை. ஆனால் அந்தத் தாத்தா பாட்டி யூதரா என்பதை அவர்கள் எந்த மதச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வைத்தே முடிவு செய்தார்கள். 'ரத்தத்தை' நிறுவும் சான்றுக்காக, சாதாரண ஜெர்மானியர்களும் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத்தான் நாடிப் போக வேண்டியிருந்தது.