வீட்டுத் தோட்டத்துல புது ஹாப்ஸ் ரகம் உருவாக்குறது எப்படி?

பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்குற ஹாப்ஸை வீட்டுல வளக்குற பலரும் வேர்த்தண்டு வாங்கி நட்டதோட நிறுத்திடுறாங்க. அப்படி வர்ற செடி ஏற்கெனவே இருக்குற ரகத்தோட அச்சு அசல் காப்பிதான். புது ரகம் வேணும்னா விதை போட்டே ஆகணும், விதைக்கு ஆண் செடி வேணும்.

அப்பா யாரு?
ஹாப்ஸ்ல ஆண் தனி, பெண் தனி. பீர்ல போடுற வாசனையான கூம்பு (செதில் செதிலா இருக்குற பூங்கொத்து) வைக்கிறது பெண் செடிதான், அதனால ஆண் செடிய மோந்து பாத்து செலக்ட் பண்ண வழியே இல்ல, அதோட தாய்ச்செடியும் கூடப்பிறந்த பெண் செடிங்களும் எப்படி இருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும். இலையில சாம்பல் நோய் அடிக்கடி வர்ற ஆண் செடிய தொடவே தொடாதீங்க.

மகரந்தம் சேக்குறது
மகரந்தம் காத்துலயே பறந்து வந்துடும், அதான் இந்த இடத்துல ரொம்ப கவனம் வேணும். பெண் பூவுல வெள்ளை நூல் மாதிரி சூல்முடி எட்டிப் பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு பக்கக் கிளைக்கு பேப்பர் கவர் மாட்டி, வாய்ப் பக்கம் பஞ்சு சுத்தி இறுக்கிக் கட்டிடுங்க. ஆண் பூ விரியுறப்போ இன்னொரு கவருக்குள்ள அந்தக் கொத்த விட்டு தட்டுனா மஞ்சத்தூள் கொட்டும். சூல்முடி நல்லா புசுபுசுன்னு வெளிய வந்ததும், காத்தில்லாத நேரமா பாத்து அந்தத் தூள உள்ள போட்டு லேசா குலுக்கி உடனே மூடிடுங்க. அம்மா பேரு, அப்பா பேரு, தேதி மூணையும் லேபிள்ல எழுதி கிளையிலயே கட்டுங்க, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டா மறந்துடும்.

சூல்முடி வாடி பழுப்பானதும் கவர எடுத்துடலாம். கூம்பு செடியிலயே நல்லா காஞ்சு பழுப்பாகட்டும், அப்புறம் உதுத்தா விதை கிடைக்கும்.

முளைக்க வைக்கிறது
ஈர மணல்ல கலந்து ஃப்ரிட்ஜ்ல 4-5 டிகிரியில 6 முதல் 8 வாரம் வைங்க, குளிர் படலைன்னா சரியா முளைக்காது. எல்லாம் ஒண்ணா முளைக்காது, பொறுமையா இருங்க.

கழிச்சுக் கட்டுறது
நாத்துக்கு பூஞ்சை மருந்து அடிக்காதீங்க. நோய்க்கு தாங்காததெல்லாம் இப்பவே போகட்டும். பெரும்பாலும் ரெண்டாவது வருஷம்தான் பூ வச்சு ஆணா பெண்ணான்னு தெரியும். கூம்பு முத்துனதும் ஒண்ண நடுவுல கிழிச்சுப் பாருங்க, இதழோட அடியில ஒட்டிக்கிட்டிருக்குற மஞ்சப் பொடிதான் லூபுலின், ஹாப்ஸோட கசப்பும் வாசனையும் இதுலதான் இருக்கு. உள்ளங்கையில வச்சு தேச்சு, சூடு ஏறுனதும் மோந்து பாருங்க. வெறும் புல் வாசனையோ பூண்டு வாசனையோ மட்டும் வர்ற செடிங்கதான் நிறைய இருக்கும், மனசு கேக்கலைன்னாலும் பிடுங்கிடுங்க. கேஸ்கேட்ங்கிற அமெரிக்க ஹாப்ஸ் ரகத்துக்கு ஓரிகன் மாநிலத்துல விதை எடுத்தது 1956ல, ரிலீஸ் ஆனது 1972ல, அதனால ஒரே சீசன் வாசனைய வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

சில வருஷம் பாத்தும் புடிச்ச செடின்னா வேர்த்தண்டு இல்ல தண்டுத் துண்டு வச்சு மட்டும் பெருக்குங்க, அதோட விதைய போட்டா வேற செடிதான் வரும்.